வெயில் 35 டிகிரிதான்... பிறகு ஏன் இவ்வளவு புழுக்கம்? பனிநிலை சொல்லும் கணக்கு

மே மாதத்தில் ஒரு நாள், சென்னை. காலையில் செல்போனின் வானிலைச் செயலியைத் திறந்தால் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 89 சதவீதம் என்று காட்டுகிறது. பிற்பகலில் மறுபடி பார்த்தால் வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் காற்றிலிருந்த ஈரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் கழுத்தில் வியர்வை வழிகிறது, குழந்தைகளுக்கு வேர்க்குரு அரிக்கிறது. 'ஈரப்பதம் குறைந்திருக்கிறதே, புழுக்கம் மட்டும் ஏன் கூடியிருக்கிறது?' என்ற கேள்வி எழுவது இயல்பு.

விடை அதே செயலியில், சற்றுக் கீழே தள்ளிப் பார்த்தால் இருக்கும். 'டியூ பாயின்ட்' என்ற பெயரில் ஓர் எண். தமிழில் அதைப் பனிநிலை என்பார்கள். அன்று காலையிலும் அது 26 டிகிரி, பிற்பகலிலும் 26 டிகிரி. அதாவது, காற்றிலிருந்த நீராவி குறையவே இல்லை. மாறியது வெப்பம் மட்டும்தான்.

பலரும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இந்த ஒற்றை எண், துணி காயுமா என்பதில் தொடங்கி, வெயிலில் வேலை செய்பவரின் உயிர் வரை பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது.

விரிந்து சுருங்கும் பாத்திரம்

செயலிகளும் தொலைக்காட்சிச் செய்திகளும் சொல்லும் ஈரப்பதம், உண்மையில் 'ஒப்பு ஈரப்பதம்'. அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சமாக எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே அதன் பொருள். அது அளவு அல்ல, விகிதம்.

காற்றை ஒரு பாத்திரமாக நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். வெப்பம் ஏற ஏறப் பெரிதாகும், குளிரக் குளிரச் சுருங்கும் பாத்திரம் அது. ஒரு கன மீட்டர் காற்றில் 10 டிகிரியில் சுமார் 9 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் அது சுமார் 17 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் ஏறக்குறைய 51 கிராம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கொள்ளளவு சுமார் 7 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு.

காலையில் சிறிய பாத்திரம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பிற்பகலில் பாத்திரம் பெரிதாகிவிட்டது. தண்ணீர் அதே அளவுதான். பாத்திரம் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறைந்திருப்பதாகத் தெரிகிறது. 89 சதவீதம் 60 ஆனது இப்படித்தான்.

இதே பாத்திரத்தை இப்போது சுருக்கிக்கொண்டே போவோம். ஒரு கட்டத்தில் தண்ணீர் விளிம்பைத் தொடும். அதற்கு மேலும் சுருங்கினால் வழியத்தான் வேண்டும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீராவி வழிந்து, நீர்த்துளியாகப் படியத் தொடங்குகிறதோ அதுவே பனிநிலை. காற்றில் நீராவி அதிகம் இருந்தால் கொஞ்சம் குளிர்ந்தாலே போதும், துளி படியும். பனிநிலை உயர்வாக இருக்கும். நீராவி குறைவு என்றால் நிறையக் குளிர வேண்டும். பனிநிலை தாழ்வாக இருக்கும்.

வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும், நீராவி கூடாமலும் குறையாமலும் இருக்கும்வரை பனிநிலை அசையாது. அதனால்தான் புழுக்கத்தை அளக்க ஈரப்பதத்தைவிடப் பனிநிலை நம்பகமானது.

அறைக்குள் ஒளிந்திருக்கும் முக்கால் லிட்டர்

10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் கொண்ட ஒரு படுக்கையறை. வெப்பம் 30 டிகிரி, பனிநிலை 25 டிகிரி. இது சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மிகச் சாதாரணமான நிலை. அந்த அறையின் காற்றில் மட்டும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத நீராவியாக மிதந்துகொண்டிருக்கும். ஏ.சி. ஓடத் தொடங்கியதும் வெளியே குழாயில் சொட்டுச் சொட்டாக வடிகிற நீர் இதுதான். கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருப்பதால், இரவு முழுக்க ஓடினால் வாளியே நிரம்பிவிடுகிறது.

வீட்டில் தினமும் நடக்கும் பல சின்னச் சின்ன விஷயங்களுக்கும் காரணம் இதுவே. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் 'வியர்ப்பது' பாட்டில் கசிவதால் அல்ல. அதன் மேற்பரப்பு பனிநிலையைவிடக் குளிர்ந்திருப்பதால், சுற்றியுள்ள காற்றின் நீராவி அதன்மீது துளியாகப் படிகிறது. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போவதும் அப்படித்தான். கண்ணாடி 22 டிகிரியில் இருக்கிறது. வெளிக்காற்றின் பனிநிலை 26. படியாமல் என்ன செய்யும்?

ஏ.சி.யை 18 டிகிரியில் வைத்துத் தூங்கும் வீடுகளில், ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் காலையில் நனைந்திருப்பதைப் பார்த்திருக்கலாம். அதே போன்ற குளிர்ச்சி, பக்கத்து அறையை ஒட்டிய சுவரிலும் இறங்கும். அங்கே ஈரம் படிந்து, கொஞ்ச நாளில் கறுப்புப் பூசணம் பூக்கும். 'சுவர் ஒழுகுகிறது' என்று கொத்தனாரை அழைக்கும் முன், ஏ.சி.யின் எண்ணைக் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்பது நல்லது.

சமையலறை உப்பு ஜாடியும் ஒரு வானிலைக் கருவிதான். ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தூய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு கட்டிதட்டுவதும், அப்பளம் நமத்துப்போவதும் இதனால்தான். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உப்பு, அப்பளம், மரக்கதவு போன்றவை ஒப்பு ஈரப்பதத்துக்கே கட்டுப்படுகின்றன. மனித உடலின் புழுக்கமோ பனிநிலையைப் பின்பற்றுகிறது. இரண்டு எண்களுக்கும் தனித்தனி வேலை உண்டு.

40 டிகிரி தாங்குகிறது, 35 தாங்கவில்லை!

நாக்பூர் போன்ற உள்நாட்டு ஊரில் ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 40 டிகிரி, பனிநிலை 12 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் சுமார் 19 சதவீதம். மறுபக்கம் சென்னை. வெப்பம் 35, பனிநிலை 26, ஈரப்பதம் 60 சதவீதம். ஐந்து டிகிரி குறைவு என்பதால் சென்னைதான் சுகம் என்று தோன்றும்.

உடல் வேறு கணக்கு போடுகிறது. மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் குளிர்ச்சி வந்துவிடாது. வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி கிடைக்காது. உடலின் நீரும் உப்பும் வீணாவதுதான் மிச்சம்.

நாக்பூரின் வறண்ட காற்றில் ஒரு கன மீட்டருக்குப் பத்து கிராம் அளவே நீராவி. வியர்வையை அது உடனே உறிஞ்சிக்கொள்ளும். சென்னைக் காற்றில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், சுமார் 24 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. வியர்வை போக இடம் தேடித் தவிக்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து, 'உடல் உணரும் வெப்பம்' என்று ஓர் அளவை ராபர்ட் ஸ்டெட்மன் 1979-ல் கணக்கிட்டுக் கொடுத்தார். செயலிகளில் 'ஃபீல்ஸ் லைக்' என்று வருவது இந்த வகைக் கணக்குதான். அதன்படி நாக்பூரின் 40 டிகிரி ஏறக்குறைய 40 ஆகவே உணரப்படும். சென்னையின் 35 டிகிரியோ 45 டிகிரியாக உணரப்படும்!

பனிநிலையை வைத்துப் புழுக்கத்தை மதிப்பிடச் சுலபமான அளவுகோல் இது:

• 15 டிகிரிக்குக் கீழே: காற்று வறட்சியாக, இதமாக இருக்கும்.

• 16 முதல் 20 வரை: பெரும்பாலோருக்குச் சிரமம் இல்லை.

• 21 முதல் 23 வரை: பிசுபிசுப்பு தெரியத் தொடங்கும்.

• 24, 25: நல்ல புழுக்கம். வேலை செய்தால் வியர்வை காயாது.

• 26-ம் அதற்கு மேலும்: உடலுக்குச் சோதனை. வெயிலும் சேர்ந்தால் ஆபத்து.

இதமான மலையூரிலிருந்து வருபவருக்கு 21-லேயே கசகசக்கும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் 24-ஐச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதனால்தான் கோடையின் முதல் சில வெயில் நாட்களும், வெளியூரிலிருந்து வந்து வேலையில் சேரும் முதல் வாரமும் கூடுதல் கவனத்துக்கு உரியவை.

கடற்காற்று தருவதும் எடுப்பதும்

'கடற்காற்று வந்துவிட்டால் பிழைத்தோம்' என்பது சென்னைக்காரர்களின் கோடைப் பேச்சு. அதில் பாதி உண்மை. மே, ஜூனில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால், கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். அன்று வெப்பம் 40-ஐத் தாண்டும். ஆனால், தரைக்காற்று வறண்டது என்பதால் வியர்வை காயும். பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் வெப்பம் சரசரவென்று சில டிகிரி இறங்கும். அதே வேகத்தில் பனிநிலை ஏறும். வெயிலின் சுள்ளென்ற எரிச்சல் போய், கசகசப்பு வரும்.

கோடையில் வங்கக்கடலின் மேற்பரப்பு நீர் 29, 30 டிகிரி வரை சூடாக இருக்கும். அதன்மீது தவழ்ந்து வரும் காற்று அந்தச் சூட்டுக்கு ஏற்ப நீராவியை ஏற்றிக்கொண்டு வருகிறது. கடல் எவ்வளவு சூடோ, கடலோரத்தின் பனிநிலை அந்த அளவை நெருங்கலாம். பாரசீக வளைகுடா இதற்கு உச்சமான உதாரணம். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பதிவான 35 டிகிரி பனிநிலைதான் உலகில் பதிவானவற்றில் மிக அதிகமானதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அந்த வளைகுடாக் கரையோர நகரங்களில் கட்டட வேலை செய்யும் தமிழர்களுக்கு இந்த எண்ணின் பொருள் உடம்பிலேயே தெரியும்.

இரவு குளிராததற்கும் இதுவே காரணம்

சூரியன் மறைந்ததும் தரை வெப்பத்தை இழந்து குளிரத் தொடங்கும். எதுவரை குளிரும்? பெரும்பாலும் பனிநிலைவரை. அந்த எண்ணைத் தொட்டதும் நீராவி துளியாக மாறும். அப்படி மாறும்போது அது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். குளிர்ச்சி அங்கேயே தட்டுப்பட்டு நிற்கும். ஆகவே, மாலையில் பார்க்கும் பனிநிலை, மறுநாள் அதிகாலைக் குறைந்தபட்ச வெப்பத்துக்கு ஒரு தரைமட்டம் போல.

பாலைவனத்தில் பகல் கொதித்தாலும் இரவு நடுங்குவது, அங்கே பனிநிலை மிகத் தாழ்வாக இருப்பதால். சென்னையில் பனிநிலை 26 என்றால் இரவு அதற்குக் கீழே இறங்க வழியில்லை. சிமென்ட் கூரையும் தார்ச்சாலையும் பகலில் சேமித்த சூடும் சேர்ந்து 28, 29-லேயே நிற்கும். பகலில் வெயிலில் உழைத்த உடல் இரவில்தான் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த இரவும் புழுங்கினால் தூக்கம் கெடும், மறுநாள் உடல் களைப்போடுதான் வெயிலில் இறங்கும். தொடர்ந்து சில நாட்கள் இப்படிப் போனால்தான் முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் சிக்கல் வருகிறது.

முன்பனி, பின்பனி

பனி என்பது வானத்திலிருந்து பெய்வதில்லை. 1814-ல் பனியைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதிய மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ், எடை போட்ட கம்பளிப் பொதிகளை இரவில் திறந்தவெளியில் வைத்து, காலையில் அவை எவ்வளவு கனத்திருக்கின்றன என்று பார்த்தார். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில், வானத்தை நேராகப் பார்க்கும் பொருட்களே அதிகம் குளிர்ந்து, அதிகம் நனைகின்றன என்பது தெளிவானது. மார்கழியில் திறந்த வாசலில் நிற்கும் வண்டி நனைந்திருக்க, கூரைக்கு அடியில் நிற்கும் வண்டி காய்ந்திருப்பதன் காரணம் இதுதான்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பிரித்தபோது பனிக்கு இரண்டு பொழுதுகளை ஒதுக்கியது. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்குவது முன்பனி, விடியலை ஒட்டி இறங்குவது பின்பனி என்பது மரபான விளக்கம். பனிநிலைக் கணக்கோடு இது அழகாகப் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வரும் மார்கழியில் மண்ணும் குளமும் வயலும் நிறைந்திருக்கும். காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் இடைவெளி குறைவு. இரவு ஏறுவதற்குள் பனி படிந்துவிடும். மாசியில் மண் காய்ந்து, பகல் சூடேறி, இடைவெளி அகன்றுவிடும். விடியும்வரை குளிர்ந்தால்தான் பனிநிலையைத் தொட முடியும்.

தரையை ஒட்டிய காற்று மொத்தமாகவே பனிநிலைக்குக் குளிர்ந்தால் அது மூடுபனி. போகியன்று சென்னையில் மூடுபனி அடர்த்தியாகி விமானங்கள் தாமதமாவதும் இப்படியே. குளிர்ந்த, ஈரமான காற்றில் எரித்த பொருட்களின் புகைத்துகள்கள் கலக்கும்போது, நீராவி பற்றிக்கொள்ளக் கோடிக்கணக்கான பிடிமானங்கள் கிடைத்துவிடுகின்றன. காற்று வறண்டு, வெப்பம் சைபருக்குக் கீழே இறங்கினால் நீராவி துளியாகாமல் நேரே பனிப்படிகமாகப் படியும். ஊட்டிப் புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரியில் வெள்ளை விரிப்பாகத் தெரியும் உறைபனி அதுதான்.

களத்து மேட்டில் 17 சதவீதம்

நகரத்தில் புழுக்கமாகத் தெரிவது, டெல்டாவில் பணமாகத் தெரிகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மழையில் நனைந்த அறுவடைக் காலங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதுண்டு என்றாலும், அடிப்படை எண் அதுதான்.

நெல் காய்வதும் வியர்வை காய்வதும் ஒரே கதை. காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் நெல் ஈரத்தை விடும். வெயில் அடித்தாலும் காற்றில் நீராவி நிறைந்திருந்தால் நெல் மெதுவாகவே காயும். மாலையில் மூடாமல் விட்ட நெல், இரவில் பனி படிந்து, பகல் முழுக்கக் காய்ந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அனுபவப்பட்ட விவசாயிகள் பொழுது சாயும் முன்பே நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடுவதும், காலையில் பனி உலர்ந்த பிறகே பிரித்துக் கொட்டுவதும் இதனால்தான்.

நின்றுகொண்டிருக்கும் பயிருக்கும் பனி ஒரு எச்சரிக்கை. இலைமேல் நீண்ட நேரம் தங்கும் ஈரம், நெல்லில் குலைநோய் பரப்பும் பூஞ்சைக்கு முளைக்க இடம் கொடுக்கும். இரவின் வெப்பம் பனிநிலையைத் தொட்டு, விடிந்த பிறகும் இலை காயாத நாட்கள் தொடர்ந்தால், வயலைச் சுற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது.

ஈரத்தை வைத்தே தொழில்கள் ஊர் பிடித்ததும் உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிவகாசியின் வறண்ட காற்று உதவியது. பஞ்சு நூலாகும் இடத்தில் நிலைமை நேர் எதிர். காற்று வறண்டால் இழை அறுந்துபோகும் என்பதால், நூற்பாலைகள் காற்றில் ஈரம் சேர்ப்பதற்கென்றே தனி இயந்திரங்களை ஓட்டுகின்றன.

ஏ.சி.யா, கூலரா, ஃபேனா?

ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. நாக்பூர் கணக்கில் அது 40 டிகிரிக் காற்றை 20-களின் நடுப்பகுதிவரைகூடக் கொண்டுவரும். சென்னைக் கணக்கில் எவ்வளவு நல்ல கூலரானாலும் 28.5 டிகிரிக்குக் கீழே போக முடியாது. அதோடு அறையின் ஈரத்தையும் கூட்டிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் கூலர் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். வாங்கியாகிவிட்டது என்றால், ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால்தான் ஈரக்காற்று வெளியேறும்.

ஏ.சி. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து எடுக்கும். புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் விதி. ஈரம் வெளியேறிவிட்டால் 25, 26 டிகிரியே இதமாக இருக்கும். கூடவே ஃபேன் மெதுவாகச் சுழன்றால் போதும். மழைக்காலப் புழுக்கத்துக்கு ரிமோட்டில் இருக்கும் 'டிரை' முறை ஏற்றது. சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. வாங்குவதும் தவறு. அது வேகமாகக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க நேரம் இருக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் போர்வை ஈரமாகத் தோன்றும்.

ஃபேன், தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி வியர்வை ஆவியாக உதவுகிறது. எனவே கடலோரப் புழுக்கத்தில் அது நல்ல துணை. ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஃபேன் உடலைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வது அவசியம்.

உயிரோடு விளையாடும் எண்

தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாவதால் அது சாதாரணத் தெர்மாமீட்டரைவிடக் குறைவாகக் காட்டும். இதற்கு 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்று பெயர். வானிலை நிலையங்களின் வெள்ளை மரக்கூண்டுக்குள் இவ்விரண்டு தெர்மாமீட்டர்களும் அருகருகே இருக்கும். வியர்வையில் நனைந்த மனிதனும் ஒரு வகையில் ஈரக்குமிழ்தான். எவ்வளவு வியர்த்தாலும் அந்த எண்ணுக்குக் கீழே தோலைக் குளிர்விக்க முடியாது.

ஈரக்குமிழ் 35 டிகிரியில் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஷெர்வுட், ஹியூபர் ஆகிய ஆய்வாளர்கள் 2010-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்து நடத்திய சோதனைகளின் முடிவு 2022-ல் வெளிவந்தபோது, ஈரம் மிகுந்த காற்றில் அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிடுகிறது என்று தெரிந்தது. முதியவர்களுக்கு அது இன்னும் குறைவு. 35 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் கொண்ட சாதாரணச் சென்னைப் பிற்பகலின் ஈரக்குமிழ் வெப்பநிலை 28.5. எல்லைக்கும் அன்றாடத்துக்கும் இடையே இரண்டரை டிகிரிதான் இருக்கிறது.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளியில் நடந்த விருது விழாவில், வெயிலில் பல மணி நேரம் அமர்ந்திருந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத் தாக்கத்தால் இறந்தனர். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சியைப் பார்க்க லட்சக்கணக்கானோர் கூடியபோது ஐந்து பேர் உயிரிழந்தனர்; பலர் மயங்கி விழுந்தனர். இரண்டு நாட்களிலும் வெப்பம் 45 டிகிரி இல்லை. இரண்டுமே கடலை ஒட்டிய இடங்கள். நெரிசலும் நிழலின்மையும் நீண்ட நேரக் காத்திருப்பும் காற்றின் ஈரத்தோடு கைகோத்தன. சமவெளிக்கு 40 டிகிரியை அடிப்படையாக வைத்திருக்கும் இந்திய வானிலை ஆய்வு மையம், கடலோரத்துக்கு 37 டிகிரியிலேயே வெப்ப அலையைக் கணக்கில் எடுப்பதும் காரணத்தோடுதான். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

பனிநிலை 25-ஐத் தாண்டும் நாட்களில் வீட்டிலும் வேலையிடத்திலும் செய்ய வேண்டியவை எளிமையானவை. கடினமான வேலையை அதிகாலைக்கு மாற்றலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று இடைவிடாமல் குடிக்கலாம். முதியவர்களுக்குத் தாக உணர்வும் வியர்வையும் குறைவு என்பதால், அவர்களுக்கு நேரம் வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒருவர் வெயிலில் குழறிப் பேசினால், தடுமாறினால், மயங்கினால், உடல் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் ஒற்றடம் வைக்கலாம். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

டம்ளரில் ஒரு வானிலை நிலையம்

பனிநிலையை வீட்டிலேயே அளக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல விடுமுறை விளையாட்டு. பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் சாதாரணத் தண்ணீரைப் பாதி ஊற்றி, ஒரு தெர்மாமீட்டரை வைக்க வேண்டும். உடல் காய்ச்சல் பார்ப்பது உதவாது. ஆய்வகத்திலோ சமையலறையிலோ பயன்படுத்தும் வகை வேண்டும். சின்னச் சின்ன ஐஸ் துண்டுகளாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே டம்ளரின் வெளிப்புறத்தைக் கவனிக்க வேண்டும். பளபளப்பு மங்கி முதல் ஈரப்படலம் தெரியும் நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதே அன்றைய பனிநிலை. 1820-ல் ஜான் ஃபிரடெரிக் டேனியல் உருவாக்கிய கருவியும் இதே அடிப்படையில் இயங்கியதுதான். பாடப்புத்தகத்தில் டேனியல் மின்கலம் என்று படிப்பது இவருடைய பெயரைத்தான்.

ஐஸும் தெர்மாமீட்டரும் இல்லையென்றால் மனக்கணக்கு உண்டு. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வரும் விடையை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். காலை 28 டிகிரி, ஈரப்பதம் 89 என்றால், 11-ஐ 5-ஆல் வகுக்க 2.2, பனிநிலை சுமார் 26. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, ஒரு டிகிரி முன்னே பின்னே, இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

வெளியே கிளம்பும் முன் வெப்பம் எவ்வளவு என்று பார்ப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் இந்த எண்ணையும் பார்த்துவிட்டால், வீட்டிலிருக்கும் பெரியவரை மதியம் கடைக்கு அனுப்பலாமா, பிள்ளை மாலை நான்கு மணிக்கே கிரிக்கெட் ஆட இறங்கலாமா என்பதற்கு இன்னும் சரியான விடை கிடைக்கும்.